வேன் ஏசி பற்றி நான் கொடுத்த அறிக்கை

14 மே 2002, செவ்வாய்

காலை எட்டுக்கே அனல். இலை அசையவில்லை. கத்திவாக்கம் முகாம். மருத்துவ வேனின் கூரை ஏசி இருபது நிமிடம் குளிர்ந்தது. பிறகு வெறும் காற்று. கதவை மூடித்தான் ஈசிஜி எடுக்க வேண்டும். உள்ளே படுத்த மீன்காரம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "மார்வலின்னு வந்தேன் டாக்டரம்மா. இங்க பட்த்தா அவிஞ்சே பூடுவேன்." வரிசையில் சிரிப்பு. டாக்டர் சிரிக்கவில்லை. வெள்ளிக்குள் சரியாகாவிட்டால் வரமாட்டாராம்.

பார்த்தவை: ஜெனரேட்டர் வோல்டேஜ், சரி. தெர்மோஸ்டாட், சரி. உள் ஃபில்டர் கழுவியாயிற்று. கம்ப்ரசர் சூடேறி நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது.

டிரைவர் சவரிமுத்து: "மேல மிஷினு மூச்சு முட்டிகினு கீது சார்."

குளிர்பதனத்தில் டிப்ளமோ வாங்கியவன் நான். மூச்சாம்.

15, புதன்

மெக்கானிக் பாஷா கேஜ் மாட்டிப் பார்த்தார். "கேஸ் ஃபுல்லா கீது. பிரஷர்தான் எகிறுது. மேல் மூடியக் கயட்டிப் பாத்துடலாம் சார்." வேண்டாம் என்றேன். மார்ச்சில் அதைத் திறந்து, சுத்தம் செய்து, மூடியவன் நானே. ஒரு திருகுகூடத் தவறவில்லை.

"ஒங்க இஸ்டம். அப்பால என்னைய பேஜாரு பண்ணாதீங்கோ."

மாலை கு. தொலைபேசியில். பழைய ஃபாக்டரியில் எனக்குக் கீழே பயிற்சிக்கு வந்தவர். எனக்கு வரவேண்டிய பதவியில் உட்கார்ந்தவர். ஃபாக்டரி மூடியபின் இந்த அறக்கட்டளைக்கு மேலாளர்; நான் வேன் பொறுப்பாளர். "என்ன சார், உங்க சப்ஜெக்ட் ஆச்சே?" அந்த 'சார்' இன்னும் எரிகிறது. காரணம் எழுத்தில் வேண்டுமாம்.

தலைவலி. மோர் மட்டும்.

16, வியாழன்

எர்ணாவூர். 11.10க்கு ஏசி நின்றது.

சாப்பாட்டு நேரத்தில் ஏசியைப் போட்டு, உள்ளே சவரி தூக்கம். "பத்து நிமிசம் சார். தல சுத்திச்சு."

இதுதான் காரணம். எழுதினேன்: 'ஓட்டுநர் தம் ஓய்வுக்காகத் தொடர்ந்து இயக்கியதால் கம்ப்ரசர் பழுது.' சுருக்கமான, நல்ல வாக்கியம். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

17, வெள்ளி

டாக்டர் வரவில்லை. முகாம் ரத்து. அதே மீன்காரம்மா பதினொன்றரை வரை காத்திருந்து போனார்.

திங்கட்கிழமை கூப்பிட்டுச் சவரியை வேலையிலிருந்து நிறுத்திவிடுவதாகக் கு. சொன்னார். அவனுக்குத் தெரியாது. மகளின் கல்யாண ஓலையை ராயபுரம் மாதா கோயிலில் மூன்று ஞாயிறு பூசையில் வாசித்து அறிவிக்கிறார்கள். "நாயித்துக்கெழம மூணாவது ஓலை சார். கண்ணாலத்துக்கு ஒங்க வூட்டு அம்மாவையும் இட்டாரணும்."

பார்க்கலாம் என்றேன்.

19, ஞாயிறு

மனைவி ஜன்னல் புடவைகளை இறக்கினாள். துறைமுகக் கரித்தூசிக்கு எங்கள் தெருவில் எல்லா ஜன்னலிலும் பழம்புடவைதான். வாரம் ஒருமுறை துவைக்காவிட்டால் காற்று நுழையாது. வாளித் தண்ணீர் மை போல.

"அந்த நீல வாயில் புடவை எங்க? மார்ச்ல வேனுக்குக் கட்டறேன்னு எடுத்துட்டுப் போனீங்களே, ஒரு தடவையாவது துவைச்சீங்களா?"

சட்டையை மாட்டினேன்.

ஷெட். மூடியைக் கழற்றினேன். சூட்டை வெளியே தள்ளும் வெளிக்காயிலைச் சுற்றி, நான் போட்ட முடிச்சுகளோடு, புடவை. நீலம் எங்கும் இல்லை. அப்பளமாய் விறைத்த கறுப்பு. தூசியைத் தடுக்க நான் கண்ட வழி. அவிழ்த்துவிட்டு ஓட்டினேன். உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம், நிற்கவில்லை. கை சில்லிட்டது.

கம்ப்ரசர் பழுதைப் பார்த்தேன், சரியாயிற்று என்று சொல்லலாம். யாருக்கும் தெரியாது. அறிக்கை மட்டும் கு. மேஜையில் அப்படியே இருக்கும்.

வேறு யாரிடமானாலும் ஒத்துக்கொள்வேன். கு.விடமா?

மூன்றாவது ஓலை இந்நேரம் வாசித்திருப்பார்கள்.

20, திங்கள்

9.40. கு. அறைக்கு வெளியே பெஞ்சு. சவரி இஸ்திரி போட்ட சட்டையில். நகர்ந்து இடம் விட்டான்.

"ஏசி சில்லுனு கீதாமே சார், ஷெட்ல சொன்னாங்கோ. இன்னா கோளாறு?"

மஞ்சள் பையைத் திறந்து காட்டினேன்.

"பொடவையா! மிஷினுக்குக் கண்ணாலமா சார்?" வயிறு குலுங்கச் சிரித்தான்.

பியூன் வந்து சவரியின் பெயரைச் சொன்னார். அவன் எழுந்தான். தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு, பையோடு நான் உள்ளே போனேன்.