ஒரு பாளத்துக்கு ஆறு

12 செப்டம்பர் 1938, திங்கள்

கையில் போட்ட கட்டை இன்னும் மூன்று வாரம் பிரிக்க முடியாதாம். சொல்லிவிட்டு, "இடது கைதானே" என்று டாக்டர் சிரித்தார். இடது கை என்பதால்தான் இதை எழுத முடிகிறது, அது சரி. ஆனால் தலை முடிய, சேலை மடிக்க, கிணற்றில் ஒரு வாளி இறைக்க, எல்லாவற்றுக்கும் ஜக்கம்மாவைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. இருபது வருஷமாக இந்த வீட்டில் வேலை செய்கிறாள். நல்லவள். இன்னும் பால் காய்ச்சிய பாத்திரத்தை உடனே ஊறவைக்கத் தெரியவில்லை.

கிணற்றடியில் பாசியை முந்தின நாளே தேய்க்கச் சொல்லியிருக்க வேண்டும் என்று விழுந்த பிறகு தோன்றியது.

28-ந் தேதி என் வீட்டுக்காரர் திதி. ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு மாவு எப்படி?

15 செப்டம்பர், வியாழன்

இந்த ஊரில் திதிக்கு இலை போட்டு, போனவருக்குப் பிடித்ததை வைப்பார்கள். கறிக்குழம்பு, வெற்றிலை, சுருட்டு. நான் அவற்றோடு ஆப்பிள் பேஸ்ட்ரியும் வைக்கிறேன். ஆறு வருஷமாக வைக்கிறேன். மதுரைக் கான்வென்ட்டில் சிஸ்டர் கிளேர் சொல்லிக்கொடுத்தபடி மைதாவில் வெண்ணெயை வைத்து மடித்து, உருட்டி, ஈரத்துணியில் சுற்றி, கிணற்றுக்குள் வாளியில் தொங்கவிட்டு, மறுபடி மடித்து. முதல் நாள் தொடங்கினால் மறுநாள்தான் ஆகும். குறுக்கு வழி இல்லை.

இன்று ஜக்கம்மாவை விட்டுச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அழுத்தாதே. வெண்ணெய் மாவுக்குள்ளே கலக்கக் கூடாது. தனித்தனியா இருக்கணும்."

"ஒண்ணா இருக்கத்தான பெசையுறது?"

"இது பிசையறது இல்லை."

"பொறவு எதுக்குத்தா இம்புட்டு நேரமா என் கையப் போட்டு ஒடிக்கிறீக?"

வெண்ணெய் இளகி, மாவு எண்ணெய்த் துணி போல ஆகிவிட்டது. ராத்திரிக்கு அதையே சப்பாத்தியாகச் சுட்டாள். கேட்டால், நன்றாக இருக்கிறது என்கிறாள்.

16 செப்டம்பர், வெள்ளி

ரசத்தில் உப்பு கூட. மழை இல்லை. கை நோகிறது.

19 செப்டம்பர், திங்கள்

ஏழு வருஷமாக இதை எழுதவில்லை. எழுதாமல் இருந்தால் இல்லாமல் போகும் என்று நினைத்தேனோ என்னவோ.

அவர் படுக்கையில் இருந்த கடைசி வாரம். கஞ்சி கூட வேண்டாம் என்றவர், ஒரு நாள் சாயங்காலம் "அந்த ஆப்பிள் பலகாரம் இருந்தா நல்லா இருக்கும்" என்றார். நான் டாக்டரைப் பார்க்கப் போயிருந்த நேரம். அவர் தங்கை அன்னத்தாய்தான் பக்கத்தில் இருந்தாள். தெருக்கோடியில்தான் அவள் வீடு. உடனே ஆள் அனுப்பியிருக்கிறாள், தேனிக்கு. எஸ்டேட் பங்களாக்களுக்கு ரொட்டி அனுப்பும் கோட்டயத்துக்காரர் கடையிலிருந்து, மடித்து உருட்டித் தயாராக விற்கும் மாவு ஒரு பாளம் வாங்கி வரச் சொல்லி, மறுநாள் காலையில் அவளே சுட்டுவிட்டாள். நான் செய்வதைப் பார்த்திருக்கிறாளே தவிர, ஒரு நாளும் செய்ததில்லை.

நான் உள்ளே நுழைந்தபோது தட்டு அவர் கட்டிலில் இருந்தது. நான்கு பேஸ்ட்ரி. ஓரம் கருகியிருந்தது.

கடை மாவா என்று கேட்டேன். ஆமா மதினி என்றாள். தட்டை எடுத்துவிட்டேன். "நாளைக்கு நானே ஒழுங்கா செய்து தருகிறேன்" என்று அவரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்னத்தாய் என் முகத்தைப் பார்த்தாள். தட்டு மாட்டுக்குப் போயிற்று.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு, நான் இரண்டாவது மடிப்பில் இருந்தபோது, ஜக்கம்மா ஓடி வந்தாள்.

அன்றிலிருந்து அன்னத்தாய் இந்த வாசல்படி ஏறவில்லை. கல்யாண வீடுகளில் பார்த்தால் நான் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். அவளைக் குற்றம் சொல்லவா? கேட்டார். கொடுத்தாள். நான் பிடுங்கினேன். பசியோடு போனார்.

அதனால்தான் வருஷம் தவறாமல் இலையில் வைக்கிறேன். ஒழுங்காகச் செய்தது. அவர் கேட்டதற்கு ஏழு வருஷம் பிந்தி.

22 செப்டம்பர், வியாழன்

வேறு வழியில்லை. தேனி மாவுதான்.

எழுதும்போதே கை கூசுகிறது. எந்த மாவை வேண்டாம் என்று அவர் கட்டிலிலிருந்து எடுத்தேனோ அதே மாவை அவர் இலையில் வைப்பதா? வைக்காமல் வெறும் இலை போடுவதா? எது மோசம்?

வைப்பது என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் சோதித்துப் பார்க்காமல் வைக்க மாட்டேன். நாளை ஜக்கம்மா பஸ்ஸில் தேனி போகிறாள். இரண்டு பாளம். வாழையிலையில் சுற்றி, மேலே ஈரத்துணி. மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டும், பஸ் கூரையில் போடக் கூடாது. இதை நான்கு தடவை சொல்லி, நான்கு தடவை திருப்பிச் சொல்லச் செய்தேன்.

"மாவுன்னு நெனைக்கல ஆத்தா, புள்ளைன்னு நெனச்சுக்கிறேன்" என்றாள்.

24 செப்டம்பர், சனி

ஆப்பிளுக்குப் பலவேசம் கடைக்கு நானே போனேன். ஆறு கேட்டேன். கையில் எடுத்தவன் நிறுத்தி, "யாருக்கு மேலுக்கு முடியல?" என்றான். யாருக்கும் இல்லை என்றேன். "ஆறா?" என்றான். ஆறுதான் என்றேன். இந்த ஊரில் நோய்க்காரன் தவிர யாரும் ஆப்பிள் தின்னக் கூடாது என்று சட்டம் போலிருக்கிறது. கான்வென்ட்டில் அது வெறும் பழம்.

மாவைப் பிரித்துப் பார்த்தேன். குறை சொல்ல நினைத்துத்தான் பிரித்தேன். குளிர்ச்சியாக, வழவழப்பாக இருந்தது. கத்தியால் ஓரத்தை வெட்டிப் பார்த்தால் ஏடு ஏடாக அடுக்கு தெரிகிறது. பாளத்தைச் சரியாக அளந்து வைக்கிறார் அந்தக் கோட்டயத்துக்காரர்: நீளத்தில் மூன்று, அகலத்தில் இரண்டு, துண்டு துணுக்கு மிஞ்சாமல் ஒரு பாளத்துக்கு ஆறு சதுரம். நான் ஒற்றைக் கையாலேயே வெட்டினேன்.

ஆப்பிளை மெல்லிசாக அரிந்து, சர்க்கரை, இரண்டு ஏலம், ஒரு கிராம்பு, எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு. சதுரத்தின் நடுவில் வைத்து, மூலைக்கு மூலை மடித்து, ஓரத்தை முள்கரண்டியால் அமுக்கி, மேலே பால் தடவினேன். மணல் போட்ட வெண்கலப் பானைக்குள் தட்டு, மூடி மேல் கங்கு. அரை மணி நேரம்.

அவ்வளவுதான். அரை மணி நேரம். நான் ஒன்றரை நாள் செலவழித்த வேலை.

உயர எழும்பியிருந்தது. ஒன்று தின்றேன். ஜக்கம்மா மூன்று தின்றாள்.

"எப்படி இருக்கு?"

"ஒங்களுது மாதிரியேதான் இருக்குத்தா."

மாதிரியே இல்லை. கொஞ்சம் உப்பு கூட. ஆனால் அடுக்கு… என்னுடையதைவிட…

சரி. மோசமில்லை.

25 செப்டம்பர், ஞாயிறு

காலையில் பக்கத்து வீட்டு மொக்கம்மாள் நான்கு சாத்துக்குடியோடு வந்து நின்றாள்.

"என்ன பெரியம்மா, கஞ்சியாச்சும் எறங்குதா?"

"எனக்கு என்ன?"

"ஆறு ஆப்பிளாம்ல. பலவேசம் கடையில பேசிக்கிட்டாக. எங்க மாமனாரு போறப்பக் கூட நாங்க மூணுதான் வாங்குனோம்."

பேஸ்ட்ரிக்கு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், கையை வைத்துக்கொண்டு மாவு எப்படிப் பிசைந்தீர்கள் என்பாள். கடை மாவு என்று சொல்வதா? ஏழு வருஷத்துக்கு முன் நான் தட்டை எடுத்தது இந்தத் தெருவுக்கே தெரியும். காய்ச்சல் என்பது அதைவிடக் கௌரவமாக இருந்தது.

"லேசா காய்ச்சல்" என்றேன்.

"அதான பாத்தேன்" என்று என் நெற்றியைத் தொட்டாள். "சுடவே இல்லையே. உள்காய்ச்சலு. அதுதான் பொல்லாதது. குச்சனூர்ச் சனீஸ்வரனுக்கு எள்ளு வெளக்குப் போடுறதா நேந்துக்கிறேன்."

அறுபத்து நான்கு வயதில் பொய் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறேன். சிஸ்டர் கிளேர் முழங்காலில் நிற்க வைத்திருப்பார்.

26 செப்டம்பர், திங்கள்

இன்று ஐந்து பேர். ஆப்பிள் பதினொன்று சேர்ந்துவிட்டது. ஒருத்தி என்னைப் பார்த்ததும் அழுதாள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

தெருவில் எல்லோரும் வந்தார்கள். எல்லோரும் என்றால், ஒருத்தியைத் தவிர.

27 செப்டம்பர், செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

மீந்த பாளம் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது என்று ஜக்கம்மாவை விடியற்காலையிலேயே மறுபடி தேனிக்கு அனுப்பியிருந்தேன். நான் அடுப்படியில் மணை போட்டு, ஆப்பிளைக் கட்டுப்போட்ட கையால் அணைத்துக்கொண்டு தோல் சீவிக்கொண்டிருந்தேன். உருண்டு ஓடியது. எடுக்கக் குனிந்தபோது இன்னொரு கை அதை எடுத்தது.

அன்னத்தாய். கூன் விழுந்துவிட்டது. முந்தானையில் ஏதோ முடிந்திருந்தாள்.

"படுத்திருக்கீகன்னாக" என்றாள்.

"படுக்கலை."

"நல்லாத்தான இருக்கீக."

"உனக்கு வருத்தமா?"

"ரெண்டு ஆப்பிளு வாங்குன வருத்தந்தான்." முடிச்சை அவிழ்த்து இரண்டையும் வைத்தாள். பிறகு, "பலவேசம் ஆறுன்னான். கேட்டதுல இருந்து சோறு எறங்கல. அண்ணனும் இல்ல, நீங்களும் போயிட்டா நான் யாரோட சண்டை போடுறது?"

என்னிடமிருந்து கத்தியை வாங்கித் தானே சீவினாள். தோலோடு சதையும் போயிற்று. சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

அந்த நேரம் பார்த்து ஜக்கம்மா வந்து, வாழையிலைப் பொட்டலத்தை எங்கள் நடுவில் வைத்தாள். அன்னத்தாயைப் பார்த்ததும் பொட்டலத்தை மறுபடி எடுக்கப் பார்த்தாள், மடச்சி.

அன்னத்தாய் இலையைப் பிரித்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தேனி மாவு" என்றாள்.

"ஆமா."

"நாளைக்கு அண்ணனுக்கா?"

"ஆமா."

அடுப்பில் எதுவும் இல்லை. கங்கு கூட இல்லை. நான்தான் பேச வேண்டும் என்று தெரிந்தது. சொல்ல வேண்டியது எனக்கு மனப்பாடம். ஏழு வருஷமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லி வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் அது எதுவும் வரவில்லை.

"அந்தத் தட்டை நான் எடுத்திருக்கக் கூடாது, அன்னத்தாய். மாவு நல்ல மாவு. பட்டினியாப் போனாக. என்னாலதான்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"பட்டினியா? யாரு சொன்னா? அண்ணன் ரெண்டு தின்னாகளே."

"எப்ப?"

"நீங்க வாரதுக்கு முன்னாடியே. சுடச்சுட."

எனக்கு ஆறுதலாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பொய் சொல்லாதே என்று சொல்ல வந்துவிட்டேன்.

"தட்டுல எத்தன இருந்துச்சு, சொல்லுங்க" என்றாள்.

நான்கு. நான்குதான். கண்ணை மூடினால் இன்றும் நான்குதான்.

"நான் சுட்டது ஆறு மதினி. அவன் குடுக்குற மாவுல ஆறு வரும்."

ஒரு பாளத்துக்கு ஆறு. துண்டு துணுக்கு மிஞ்சாமல். சனிக்கிழமை நானே என் கையால் வெட்டினேன்.

சுவரில் சாய்ந்துகொண்டேன். ஜக்கம்மா தண்ணீர் கொண்டுவந்தாள்.

"ஏன் சொல்லலை? ஏழு வருஷம்…"

"அண்ணன்தான் சொல்லக் கூடாதுன்னாக. 'ஓரம் கருகுனதுதான் ருசி, ஒன் மதினி கருக விட மாட்டா. அவகிட்டச் சொல்லிராத, மனசு விட்டுப் போவா'ன்னாக. பொறவு நீங்க தட்டத் தூக்குனீக. எனக்குக் கோவம். ஒங்களுக்கு இது உறுத்திக்கிட்டுக் கெடக்கும்னு நான் என்னத்தக் கண்டேன்? மதினிக்கெல்லாம் உறுத்துமான்னு இருந்துட்டேன்."

தட்டை எடுத்தபோது அவர் ஏன் பேசாமல் இருந்தார் என்று ஏழு வருஷம் யோசித்திருக்கிறேன். வருத்தம் என்று நினைத்தேன். மனுஷர் வயிறு நிறைந்திருந்திருக்கிறார். மாட்டிக்கொள்ளக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்.

சிரிப்பு வந்தது. முதலில் எனக்கு, பிறகு அவளுக்கு. பிறகு சிரிப்பாக இல்லை. ஜக்கம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கங்கு எடுக்கப் போய்விட்டாள்.

28 செப்டம்பர், புதன்

இலை போட்டோம். ஆறில் இரண்டை அவருக்கு வைத்தோம். அன்னத்தாய்தான் பானையைப் பார்த்துக்கொண்டாள். பேச்சு வாக்கில் விட்டுவிட்டாள்; ஓரம் கருகியது. நான் வேறு சுடச் சொல்லவில்லை.

மத்தியானம் தூங்கினேன். நான் பகலில் தூங்குகிறவள் இல்லை. விளக்கு வைக்கும் நேரம்தான் எழுந்தேன்.

29 செப்டம்பர், வியாழன்

மொக்கம்மாள் குச்சனூர் போய் விளக்குப் போட்டு வந்துவிட்டாள். சனீஸ்வரன் கைவிடவில்லை என்று தெருவெல்லாம் சொல்கிறாள். மறுக்கவில்லை.

3 அக்டோபர், திங்கள்

கட்டுப் பிரித்தாயிற்று. மணிக்கட்டு மெலிந்திருக்கிறது. மெதுவாக மாவு பிசையலாம் என்றார் டாக்டர்.

8 அக்டோபர், சனி

வெயில். பால் பாத்திரம் இன்று ஊறவைக்கப்பட்டிருந்தது. குறித்துவைக்க வேண்டிய செய்தி.

ஜக்கம்மா தேனியிலிருந்து ஒரு பாளம் வாங்கி வந்தாள். நாலு மணிக்கு அன்னத்தாய் வருகிறாள். மூன்றை எடுக்க வேண்டிய நேரத்தில் எடுத்தேன். மற்ற மூன்றைப் பானையிலேயே விட்டு, பக்கத்தில் நின்று, ஓரம் கருகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.