பொறி பறக்காத கரி

11 பிப்ரவரி 1988, வியாழன்

வீரசோழன் ஊர்ப் பாய் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒன்பது ரவிக்கை தைக்க வேண்டும். ஆறுதான் முடிந்தது. மிஷின் பெல்ட் அறுந்துபோய், அதைத் தைத்து மாட்டிவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன்.

தியானம் கொடுக்க வந்த சாமியார் எல்லோரையும் ஒரு நோட்டு வாங்கச் சொன்னார். அன்றன்றைக்கு ஆண்டவரை எங்கே பார்த்தோம் என்று எழுத வேண்டுமாம். மற்ற பெண்கள் பால் கணக்கு எழுதுகிறார்கள். கொடுத்த வார்த்தையை மீறி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் இன்றைக்கு எங்கே பார்த்தேன்? பெல்ட்டிலா?

ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன், அதைச் சொல்லலாம். நற்கருணை ஆசீர் நடக்கும்போது தூபம் காட்டினார்கள். புகை ஆடாமல் அசையாமல் மேலே போய், ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தில் நின்றது. சத்தமே இல்லை. யாரோ பெரியவர் உள்ளே வந்து நின்ற மாதிரி இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இதைப் பார்க்க அவுக பக்கத்தில் இல்லையே என்றுதான் உடனே நினைத்தேன்.

அவுக என்றால் என் வீட்டுக்காரர் ராயப்பன். சீமைக்கருவேலை வெட்டி கரிமூட்டம் போடுகிற வேலை. எங்கள் மகள் அமலி ஆறு வயதில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்து மூன்றரை வருஷம் ஆகிறது. அன்றைக்குப் பெட்டியோடு கோவிலுக்குள் வந்த மனுஷன், அதற்குப் பிறகு உள்ளே கால் வைக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிடுகிறேன். ஒவ்வொரு ஞாயிறும் அதே பதில்: "நீ போயிட்டு வா."

வரப்போகிற தவக்காலம் முடிவதற்குள் அவுகளைக் கோவிலுக்குள் கொண்டுவந்து நிறுத்திக் காட்டு என்று ஆண்டவரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டேனா மிரட்டினேனா, அவருக்குத்தான் வெளிச்சம்.

17 பிப்ரவரி, சாம்பல் புதன்

"நெத்தியில ஒரு துளி சாம்பல் வாங்கிட்டு வந்துருங்களேன்" என்றேன். அவுக குனிந்து சாம்பல் படிந்த தன் கையையும் காலையும் பார்த்துவிட்டு, "இன்னுமா?" என்றாக. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு முறைத்தேன்.

3 மார்ச், வியாழன்

கஞ்சி கொண்டுபோனேன். கண்மாய்க்கு அந்தப் பக்கம் புது மூட்டம். ஆள் உயரத்துக்குக் கட்டையை வட்டமாக அடுக்கி, மேலே வைக்கோல் போட்டு, அதற்கு மேல் ஈரமண் பூசியிருந்தது. பார்க்க வெறும் மண்மேடு. பக்கத்தில் போனால்தான் தகிப்பு தெரிகிறது. நாலைந்து ஓட்டை வழியாக வெள்ளைப்புகை கசிகிறது.

"உள்ள எரியுதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். கூட வேலை செய்கிற உக்கிரபாண்டிதான் பதில் சொன்னான். "புகையைப் பாத்துதான் மதினி. நெருப்பு வெளிய தெரிஞ்சுச்சுன்னா சோலி முடிஞ்சுச்சு. காத்து உள்ள போனா பூராம் சாம்பல்தான்."

அவுக மேட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, வெடிப்பு விட்ட இடத்தில் எல்லாம் மண்ணை அப்பினாக. பிள்ளைக்குப் போர்வை போத்துகிற மாதிரி இருந்தது. ஐந்து நாளைக்கு அப்படிக் காவல் காக்க வேண்டுமாம். இத்தனை வருஷம் இந்த மனுஷனுக்குச் சோறு போட்டிருக்கிறேன், இதை நின்று பார்த்ததில்லை. மண்ணுக்குள்ளே அவ்வளவு நெருப்பு, அதுவும் மூச்சுக் காட்டாமல்! இன்றைக்கு ஆண்டவரை அங்கேதான் பார்த்தேன் என்று எழுதிக்கொள்கிறேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

19 மார்ச், சனி. சூசையப்பர் திருநாள்

சண்டை. நான்தான் ஆரம்பிச்சேன்.

உழைப்பாளிக்குப் பாதுகாவலர் திருநாள், இன்னைக்காவது வாங்கன்னேன். "நீ போயிட்டு வா"ன்னாக. அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ. "பிள்ளைய எடுத்துக்கிட்டாருன்னு சாமி மேல கோவம். எனக்கு மட்டும் அவ பிள்ளை இல்லையா? நான் போகல? இத்தனை வருசத்துல ஆண்டவருக்குன்னு ஒரு துரும்பு எடுத்துக் குடுத்திருக்கீகளா?"ன்னுட்டேன்.

அவுக சொம்புத் தண்ணியைக் குடிச்சுட்டு, சொம்பைக் கவுத்து வச்சுட்டு, வெளிய போயிட்டாக. திருப்பி ஒரு வார்த்தை பேசியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்.

23 மார்ச், புதன்

எழுதவே கை கூசுது. எழுதித்தான் தீரணும்.

அவுக லாரிக்குச் சொல்ல திருச்சுழி போயிருந்தாக. அடுத்த மூட்டம் போட்டு நாலாம் நாள். நான் சோறு கொண்டுபோன நேரம், உக்கிரபாண்டி தண்ணி எடுக்கப் போகணும்னு நின்னான். "செத்த நேரம் பாத்துக்கங்க மதினி. வெடிப்பு விட்டா மண்ணை அப்புங்க. வேற ஒண்ணும் செஞ்சுறாதீக"ன்னு சொல்லிட்டுத்தான் போனான். சொல்லாமப் போகல.

கொஞ்ச நேரத்துல புகை மெலிஞ்சுபோச்சு. முந்தி வெள்ளையா புசுபுசுன்னு வந்தது, இப்ப நூல் மாதிரி. எனக்குப் பகீர்னுச்சு. உள்ள நெருப்பு அணைஞ்சுருச்சோ? அவுக வந்து கேட்டா என்ன சொல்ல? சும்மா இருந்தேனா? கம்பை எடுத்து, காத்தடிக்கிற பக்கமாப் பாத்து, ஒரு குத்துக் குத்தி உள்ள எட்டிப் பாத்தேன். நெருப்பு இருந்துச்சு. செக்கச்செவேர்னு கண்ணு முழிச்சுப் பாத்துச்சு. மண்ணை அப்புறதுக்குள்ள ஓட்டை வாய் பிளந்துருச்சு. மேல்மண்ணு சரிஞ்சு, ஆள் உயரத்துக்கு எரிய ஆரம்பிச்சுருச்சு.

உக்கிரபாண்டி குடத்தைப் போட்டுட்டு ஓடி வந்தான். அவுகளும் வந்து சேந்தாக. பொழுது சாயிற வரைக்கும் மண்ணு போட்டும் பாதிக்கு மேல சாம்பல். மிச்சமும் வெந்தும் வேகாத கட்டை. புகை மெலிஞ்சா கரி பழுத்துக்கிட்டு வருதுன்னு அர்த்தமாம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தாப் போதுமாம்.

உக்கிரபாண்டி தலையில கை வச்சு உக்காந்துட்டான். அவுக அவன்கிட்ட, "விடுறா. அவளே பயந்துபோய் நிக்கிறா"ன்னாக. என்னையத் திட்டல.

ஆண்டவரே, திட்டச் சொல்லும்.

27 மார்ச், குருத்து ஞாயிறு

தனியாகப் போனேன். அவுகளைக் கூப்பிடவில்லை. எந்த வாயால் கூப்பிட?

5 ஏப்ரல், செவ்வாய்

முதலில் நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் நான் எழுதப்போவதை நானே நம்பமாட்டேன்.

கோவில் உபதேசியார் ஞானப்பிரகாசம் அண்ணன் காலையில் பீடத்துணியைக் கொண்டுவந்தார். ஈஸ்டர் பாஸ்கா பூசையில் தூபக்கலசத்தில் இருந்த கரி படபடவென்று வெடித்து, பீடத்தின் மேல் பொறி பறந்ததை நானும்தான் பார்த்தேன். துணியில் ஐந்து ஓட்டை. தைத்துக் கொடுக்க முடியுமா என்றார்.

"கடைக்கரி தங்கச்சி. வேற வழியில்லாம அருப்புக்கோட்டையில வாங்கினோம். ராயப்பன் கரின்னா இப்படி ஆகுமா?"

"எந்த ராயப்பன்?" என்றேன்.

"என்ன தங்கச்சி இப்படிக் கேக்குற? உன் வீட்டுக்காரந்தான்."

மாதம் தவறாமல் ஒரு சனிக்கிழமை அவுக கோவிலுக்குப் பின்பக்கம் வந்து, சாமான் அறை ஜன்னலில் கரிப் பொட்டலம் வைத்துவிட்டுப் போவாகளாம். உள்ளே வரச்சொன்னால் வரமாட்டாகளாம். "ஒவ்வொரு துண்டா கல்லுல தட்டிப் பாத்துதான் குடுப்பாப்ல. வெங்கலம் மாதிரி கணீர்னு கேக்குறதை மட்டும். கேட்டா, 'வெடிக்கிற கரி வேண்டாம்ணே'ன்னு மட்டும் சொல்லுவாப்ல. இந்தத் தடவை 'மூட்டம் கெட்டுப்போச்சு, மன்னிச்சுக்கங்கண்ணே'ன்னு வெறுங்கையோட வந்து நின்னாப்ல. உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

"எப்ப இருந்துண்ணே?"

"அமலி அடக்கத்துக்கு மறுவாரத்துல இருந்து."

அவர் போன பிறகு அந்தத் துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்து ஓட்டை. தீக்குச்சித் தலை அளவு.

இதே மாதிரி ஓட்டையை நான் முன்னாடி பாத்திருக்கேன். பிள்ளைக்குக் கடைசியா நான் தச்ச வெள்ளைக் கவுன். சாமியார் பெட்டியைச் சுத்தித் தூபம் காட்டும்போது ஒரு பொறி தெறிச்சு நெஞ்சுல விழுந்துச்சு. சின்ன ஓட்டைதான். நான் சட்டுனு உள்ளங்கையை வச்சு மூடிட்டேன். சுட்டுச்சு. யாரும் பாக்கலன்னு நெனச்சேன். அவுக எதுத்தாப்ல நின்னாக. பாத்திருக்காக. நாங்க அதைப் பத்தி இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை பேசினதில்ல.

இனி எந்தப் பிள்ளை மேலயும் விழக்கூடாதுன்னு அந்த மனுசன் கரி பொறுக்கியிருக்காக. வெயில்ல உக்காந்து, ஒவ்வொண்ணாத் தட்டி.

அப்ப நான் புல்லரிச்சு நின்ன புகையெல்லாம்? ஆசீர், திருநாள், கிறிஸ்மஸ், எல்லாம்? அவுக பக்கத்துல இல்லையேன்னு நான் ஏங்கினப்ப எல்லாம், என் தலைக்கு மேல எழும்பிப் போனது அவுக கரியில வந்த புகை. "ஒரு துரும்பு குடுத்திருக்கீகளா"ன்னு இந்த வாய் கேட்டுச்சே.

ஆண்டவரே, நீர் எங்க எங்கெல்லாம் ஒளிஞ்சிருக்கீர்! கும்பிடக் கை எழும்பல. உக்காந்தே இருக்கேன்.

6 ஏப்ரல், புதன்

இரவெல்லாம் நாக்கு துறுதுறுத்தது. எனக்குத் தெரிஞ்சுபோச்சு என்று சொல்லிவிடலாமா? காலில் விழுந்து அழலாமா? அழுதால் நன்றாக இருக்கும். எனக்கு நன்றாக இருக்கும்.

அப்புறம் அந்தக் கம்பு ஞாபகம் வந்தது. உள்ளே நெருப்பு இருக்கிறதா என்று ஒரு தடவை குத்திப் பார்த்தாயிற்று. போதும்.

துணியை அடைத்துத் தைத்தேன். வெள்ளை நூலில் ஐந்து சின்னச் சிலுவை. உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

24 ஏப்ரல், ஞாயிறு

இன்றைக்கும் கூப்பிடவில்லை. சேலை மாற்றிக்கொண்டு கிளம்பும்போது அவுகளே, "போயிட்டு வாரியா?" என்றாக. "போயிட்டு வாரேன்" என்றேன். என்ன ஆச்சு இவளுக்கு என்று யோசித்த மாதிரி இருந்தது.

18 ஜூன், சனி

மூட்டம் பிரித்தார்கள். நல்ல கரி. லோடு ஏறிய பிறகு அவுக வேலிநிழலில் உட்கார்ந்து கரியைத் தட்ட ஆரம்பித்தாக. தூரத்தில் இருந்தே கேட்டது. கணீர், கணீர். நடுவில் ஒன்று சொத்தென்று கேட்கும், அதைத் தூக்கி எறிவாக. நான் கஞ்சிச் சட்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். கோவில் மணி கேட்டால் நிற்பேனே, அப்படி. முடிகிற வரைக்கும் பக்கத்தில் போகவில்லை.

பொறுக்கியதை எல்லாம் பழைய சாக்குத் துண்டில்தான் கட்டினாக. வீட்டுக்கு வந்து காடாத் துணியில் ஒரு பை தைத்தேன். ரெட்டைத் தையல், வாயில் சுருக்குக் கயிறு. அவுக சட்டை மாட்டுகிற ஆணியில் மாட்டிவைத்தேன். எதற்கு என்று சொல்லவில்லை.

20 ஜூன், திங்கள்

பை ஆணியில் இல்லை.

26 ஜூன், ஞாயிறு

பை திரும்பி வந்திருக்கிறது. உள்பக்கம் எல்லாம் கறுப்பு. துவைக்கலாமா என்று யோசித்துவிட்டு, துவைக்காமல் மாட்டினேன்.

15 ஆகஸ்ட், திங்கள். மாதா திருநாள்

புகை நேராகப் போனது. மற்றவர்கள் பீடத்தைப் பார்த்தார்கள், நான் புகையைப் பார்த்தேன். மாதா கோவித்துக்கொள்ள மாட்டாள்.

2 நவம்பர், புதன். ஆத்துமாக்கள் திருநாள்

காலைப் பூசை முடிந்து எல்லோரும் கல்லறைக்குப் போனோம். நேற்று மழை, கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டது. சாமியார் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்து, தூபம் காட்டிக்கொண்டு வந்தார். நான் அமலி பக்கத்தில் மெழுகுவத்தி கொளுத்தி வைத்துவிட்டு முழங்காலில் இருந்தேன்.

எனக்குப் பின்னால், வேலி ஓரமாக, யாரோ கரி ஊதுகிற சத்தம் கேட்டது. கலசத்தில் நெருப்பு தணியும்போது சட்டியில் இருந்து புதுக்கங்கு எடுத்துப் போடுவது உபதேசியார் வேலை. ஆனால் ஞானப்பிரகாசம் அண்ணனுக்குக் கருவேலமுள் ஏறி கால் வீங்கியிருக்கிறது. அவர் எனக்கு எதிரே ஒரு கல்லில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது.

பின்னால் ஊதுகிறவர் இருமினார். பதினைந்து வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருக்கிற இருமல்.

எதையும் கிண்டிக் கிளறிப் பார்க்காமல் இருக்க முடியாதவள் நான். ஊர் முழுக்கத் தெரியும். கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. இரண்டு கையாலும் அமலியின் சிலுவையைப் பிடித்துக்கொண்டு, நான் திரும்பவில்லை.

சங்கிலி சத்தம் பக்கத்தில் வந்தது. பிள்ளை மேல் புகை இறங்கி, புல்லோடு புல்லாகப் படர்ந்து, அப்புறம் எழும்பியது. ஒரு பொறி பறக்கவில்லை. அந்த இடத்தில் ஆண்டவர் நின்றார். இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

மத்தியானம் சோறு போடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, "கரி நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாக.

"நல்லா இருந்துச்சு" என்றேன். குழம்பு ஊற்றினேன்.