ஈரக் கையுறை

மார்ச் 4, செவ்வாய்

இன்று சொல்லாமல் விட்டது: கையுறை ஈரமாக இருந்தால் நிறுத்தும் பொத்தான் வேலை செய்யவில்லை.

நரம்பில் மருந்து ஏற்றும் எங்கள் பம்ப் வெள்ளிக்கிழமை அரசு அனுமதிக்குப் போகிறது. கடைசி ஆய்வுக் கூட்டம். பம்ப் எப்படி இயங்க வேண்டும் என்று நாங்கள் எழுதிவைத்த முந்நூற்றுப் பன்னிரண்டு தேவைகள். எல்லாவற்றுக்கும் எதிரே, சோதனையில் தேறியதாகப் பச்சை. "வேற யாருக்காவது ஏதாவது இருக்கா?" என்று குழுத் தலைவர் பேனாவை மூடிக்கொண்டே கேட்டார். நான் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

மாதிரி பம்ப்பை நேற்று ஈரக் கையுறையோடு துடைக்கும்போதுதான் கண்டேன். திரையிலுள்ள நிறுத்தும் பொத்தானை மூன்று முறை தொட்டும் நிற்கவில்லை. நான்காவதில் நின்றது.

மார்ச் 5

தேவை 118: "கையுறை அணிந்த விரலின் ஒரே தொடுதலில் பம்ப் நிற்க வேண்டும்." இரண்டு வருடம் முன்பு நான் எழுதிய வரி. சோதனைக்காரர் பெட்டியிலிருந்து புதுக் கையுறை எடுத்து ஐம்பது முறை தொட்டார். ஐம்பதும் நின்றது. அவர்மேல் தப்பில்லை, நான் கேட்டதைச் சோதித்தார்.

அக்கா தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். போனில் கேட்டேன்.

"காஞ்ச கையுறையா? பெட்டிக்குள்ள இருக்கும்போது பார்த்திருக்கேன்டி."

சிரித்தாள். பிறகு சிரிக்காமல், "நிறுத்துன்னா உடனே நிக்கணும். சில மருந்து ரெண்டு சொட்டு கூடினாலே ஆளு தாங்க மாட்டாங்க" என்றாள்.

அந்த வரியை எழுதும்போது அவளை ஏன் கேட்கவில்லை? வீட்டிலேயே ஒரு நர்ஸை வைத்துக்கொண்டு!

மார்ச் 6

சொல்லிவிட்டேன்.

"செவ்வாய்க்கிழமை வாய்க்கு என்ன பூட்டா போட்டிருந்தீங்க?" என்றார் தலைவர்.

"என் வரியிலதான் ஓட்டை சார். ஒத்துக்கத் தைரியம் வரலை."

கையுறையும் ஒரு குவளைத் தண்ணீரும் கேட்டார். நனைத்துத் தானே தொட்டார். மறுபடி. மறுபடி. பம்ப் தன் பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது.

"சரிபண்ண எத்தனை வாரம்?"

"ஏழு ஆகும் சார்."

வாசலில் நின்ற சோதனைக்காரர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "அத்தனை ஈரச் சோதனைக்கும் நான்தானே தொடணும்? கை ஊறிப்போயிடும்மா."

மார்ச் 7

பம்ப் போகவில்லை. மதியம் என் மேசையில் சாப்பிட வந்தது சோதனைக்காரர் மட்டும்.

ஏப்ரல் 25

பம்ப் இன்று போனது. நிறுத்துவதற்குப் பக்கவாட்டில் அழுத்துகிற பொத்தான். ஈரக் கையுறையில் ஐம்பதுக்கு ஐம்பது. அடுத்த கருவிக்குத் தேவைகள் எழுதும் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். திங்கள் முதல் நான் சோதனை அறையில்.