மிஞ்சும் ஐந்து நிமிடம்

பாண்டுங்,
9 மார்ச் 2004

அன்புள்ள வினார்த்தி,

நடுநிசியில் எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. லாரஸ் இப்போதுதான் பால் குடித்துவிட்டுக் கண்ணயர்ந்தாள். அவள் அப்பா டெடென் இன்னும் வீடு திரும்பவில்லை.

காலையில் வானொலியில் ஒரு புதுப் பாட்டு. "உன் நாளில் மிஞ்சும் ஐந்து நிமிடம் எனக்குப் போதும், கேட்டு நின்றதற்கு மன்னித்துவிடு." எழுதியவர் வினார்த்தி என்றார்கள். சோற்றுக் கரண்டி கையில் அப்படியே நின்றுவிட்டது. டெடெனைப் பற்றி உன்னிடம் எழுதி அழுத வார்த்தைகளல்லவா அவை? மாலையில் தெருவில் பாக்ஸோ இறைச்சி உருண்டைச் சூப் விற்கும் வண்டிக்காரர் கிண்ணத்தைத் தட்டிக்கொண்டு அதையே பாடுகிறார்.

இன்னும் கேள். காலையில் வாசலில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த டெடெனும் அந்தப் பாட்டைக் கேட்டார். "பாவம் அந்தப் பொண்ணு. அஞ்சு நிமிஷத்துக்குக் கெஞ்ச விடுறானே, அவனெல்லாம் ஒரு ஆளா?" என்றார். அப்புறம் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிளம்பிவிட்டார்.

நம் பாட்டுகளில் அதிகமாக நேசிப்பவள்தான் எப்போதும் மன்னிப்புக் கேட்பாள். கல்லூரியில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோமே. என்னையே அப்படிப் பாட்டாக்கி விற்றுவிட்டாயே. அவருக்குத் தெரிந்தால் என் குடித்தனம் என்னாகும்?

ரெங்கனிஸ்

*

ஜகார்த்தா,
15 மார்ச்

ரெங்கனிஸ்,

உன் கடிதத்தைப் படித்து நானும் அதிர்ந்துபோனேன். வார்த்தை உன்னுடையதுதான். கேட்காமல் எடுத்தது தப்பு. ஆனால் டெடெனை நினைத்து ஒரு வரியும் எழுதவில்லை.

நவம்பரில் எனக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை என்று எழுதியிருந்தேன். உன்னிடமிருந்து நாலு பக்கம் வந்தது. டெடென் தாமதமாக வருகிறார், டெடென் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி உனக்கு ஆறுதல் எழுதினேன். அதை உறையில் போட்ட கையோடு எழுதியதுதான் இந்தப் பாட்டு.

அதில் கெஞ்சுறவ நான்டி. கெஞ்ச விடுறவ நீ.

ஊரே அதைக் காதல் பாட்டென்று பாடுகிறது, பாடட்டும். ஒரு தோழிக்காக ஏங்குகிறவளுக்கு நம் பாட்டுகளில் வேறு சொல் கிடையாது. இனி உன் கடிதத்துக்காகக் காத்திருக்க மாட்டேன்.

வினார்த்தி

*

பாண்டுங்,
21 மார்ச்

அன்புள்ள வினார்த்தி,

மறுபடியும் நடுநிசி, மன்னித்துக்கொள். நவம்பர் கடிதத்தைத் தேடி எடுத்தேன். அறுவைச் சிகிச்சை என்று தெளிவாகத்தான் எழுதியிருக்கிறாய். அதைப் படித்த நினைவே எனக்கு இல்லை. என்னை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

அன்று டெடென் பேசியபோது, தன்னைத்தான் சொல்லிக்கொள்கிறார் என்று அவருக்குத் தெரியவில்லையே என்று திகைத்து நின்றேன். அதே பாட்டைக் கேட்டு நானும் அழுதேன், எனக்கும் தெரியவில்லை.

இந்தக் கடிதத்தில் இனி அவர் வரமாட்டார்.

வயிற்று வலி முழுக்கப் போய்விட்டதா? அன்று ஆஸ்பத்திரியில் உன்னோடு யார் இருந்தார்கள்? காரம் சாப்பிடலாம் என்றார்களா? நீ காரமில்லாமல் சாப்பிட மாட்டாயே.

சீக்கிரம் பதில் எழுது.

ரெங்கனிஸ்