கேமராவுக்கு ஏசி வேண்டாம்

என்னங்க,

கொஞ்ச நாளாகக் கரைவெட்டி ஏரியில் கேமராவை வெளியே எடுத்ததுமே லென்ஸ் வெளுத்துவிடுகிறது. காரணமே பிடிபடவில்லை. துடைத்துத் தெளிவதற்குள் வரித்தலை வாத்துகள் பறந்துவிடுகின்றன. பங்குனி பிறந்தால் ஊரைவிட்டே போய்விடும்.

இன்று நீங்கள் எழாததால் நானே கேமராவைத் தேடினேன். குளிர் ஆகாமல் நான் படுக்காத ஏசி ரூமில், உங்கள் தலைமாட்டில் இருந்தது. கேட்டால், "சிமெண்ட் லாரித் தூசி படுதுல்ல, அதான் டெய்லி உள்ள வச்சுக்கிறேன்" என்று தூக்கத்திலேயே பதில். தினமும் விடியலில் கையில் கொண்டுவந்து கொடுத்ததைப் பாசம் என்று நினைத்தேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

சில்லென்ற சொம்பு வேர்ப்பதுபோல்தான், குளிர்ந்த லென்ஸில் வெளிக்காற்றின் ஈரம் படிகிறது. கேமரா இப்போதும் சில்லென்றுதான் இருக்கிறது; இன்றும் படம் போச்சு.

இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. சட்னியை நீங்களே அரைத்துக்கொள்ளுங்கள்.

கலைமணி

பி.கு.: தூசிக்குப் பயந்துதான் செய்தீர்கள், தெரியும். இனி ராத்திரி கேமராவைப் பையில் போட்டு, ஜிப்பை மூடிக் கூடத்திலேயே வையுங்கள். தூசியும் படாது, ஈரமும் படியாது.