ஊன்றுகோலுக்கு ஒரு மணற் சப்பாத்து

மச்சாள், முந்தாநாள் வந்த பெட்டியின் புது றபர் மணம் இன்னும் விறாந்தையை விட்டுப் போகவில்லை. லொறிக்காரன் இறக்கிவிட்டுப் போனதும் நான்தான் கத்தியால் நாடாவை வெட்டினேன். குசினியிலிருந்து உமது அக்கா, "என்னப்பா, ரயர் கடை திறக்கப் போறீங்களோ?" என்று கேட்டபடி வந்தாள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்த பிறகு அவளுக்குப் பகிடி வரவில்லை. ஒன்றை எடுத்துச் சீலைத் தலைப்பால் துடைத்தாள். புதுச் சாமானில் துடைக்க என்ன இருக்கிறது? ஆனாலும் துடைத்தாள்.

நானும் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன். தேநீர்க் கோப்பை வைக்கும் பீரிசு அளவு வட்டம். அதில் பன்னிரண்டு ஓட்டை. பன்னிரண்டும் தோலில் பதிந்து நின்றன. நீர் இருந்திருந்தால் பெட்டியை இப்படிக் கண்டபாட்டுக்கு வெட்ட விட்டிருக்கமாட்டீர். தபால் கந்தோரில் இருந்த ஆள் அல்லவா? முகவரியை வாசித்து, கட்டு குலைந்திருக்கிறதா என்று சுற்றிவரப் பார்த்து, எங்கே ஒப்பம் வைப்பது என்று கேட்ட பிறகுதான் கத்தியையே தேடியிருப்பீர்.

சீனி வருத்தம் உமது வலது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோன பிறகு, ஆஸ்பத்திரியில் இரண்டு ஊன்றுகோல் தந்தார்கள். செயற்கைக் காலும் பொருத்திப் பார்த்தீர். பொருத்திய இடம் புண்ணாகிக்கொண்டே இருந்ததால் அதை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டீர். கோயிலுக்கும் கடைக்கும் ஊன்றுகோலே போதும் என்றீர். ஆனால் பின்னேரங்களில் கரைவலை இழுக்கிற நேரம் பார்த்து ஓட்டோவில் கடற்கரைக்கு வந்து, வீதியோரச் சீமெந்துக் கட்டின்மேல் குந்திக்கொள்வீர். அங்கிருந்து தண்ணீருக்கு நாற்பது எட்டுத் தூரம் இருக்கும். நாற்பதும் மணல். கோலை ஊன்றினால் ஒரு சாண் உள்ளே போய்விடும்.

"கதிரையில இருத்தி ரெண்டு பேர் தூக்கிக்கொண்டு போனால் முடிஞ்சுது" என்றேன் ஒரு நாள்.

"என்னை அந்தோனியார் சுரூபம் மாதிரித் தூக்க வேண்டாம், அத்தான். முந்தி வலைக்குக் கிட்ட நிண்டு பாத்துத்தான் மீன் வாங்கினனான். ஒருத்தரும் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கேல்லை." கோலின் நுனியைத் தட்டிக் காட்டிச் சொன்னீர்: "நீங்கள் இருபது பேர் ஏறுற வள்ளம் செய்யிறீங்கள். ஒரு தடிக்குச் சப்பாத்துச் செய்ய ஏலாதோ?"

எனக்குச் சுருக்கென்றது. துறைமுகக் கரையில் பைபர் வள்ளம் செய்கிற பட்டறை வைத்திருக்கிறவனைப் பார்த்து ஏலாதோ என்று கேட்டால் விடுவேனா? அன்றைக்கே பலகையில் இரண்டு வட்டம் வெட்டி, கோலின் நுனியில் முடுக்கிக் கொண்டுவந்தேன். பாரம் தாங்காமல் ஐந்தாம் எட்டில் திரும்பிவிட்டீர். அடுத்த நாள் உமது கையில் ஒரு நீல மட்டைக் கொப்பி. பதிவுத்தபால் புத்தகம்போல அளவுகோல் வைத்து நாலு நிரல் கீறியிருந்தீர்: இலக்கம், திகதி, குறை, ஒப்பம். முதல் வரியில் எழுதியிருந்தது: 'இலக்கம் 1. பாரம். சரிந்தால் மண்ணை அள்ளுகிறது.' அதற்கு நேரே என்னை ஒப்பம் வைக்கச் சொன்னீர்.

"நல்லது எழுத ஒரு நிரலும் இல்லையோ?" என்று கேட்டேன்.

"நல்லது தன்ரை பாட்டில தெரியும். குறையைத்தான் எழுதி வைக்கவேணும்."

என் வேலையின் குறைக்குக் கீழே என் பெயரையே எழுதச் சொன்ன ஆள் உலகத்தில் நீர் ஒருவர்தான். பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தேன். சிரட்டையில் செய்த இரண்டாம் இலக்கம் உடைந்தது, ஒப்பம். பழைய செருப்பு றபரை ஒட்டிச் செய்த மூன்றாம் இலக்கம் மடிந்தது, அதற்கும் ஒப்பம். அக்கா சோறு போடும்போதெல்லாம், "ரெண்டு பேருக்கும் விசர்" என்பாள்.

நாலாம் இலக்கத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. இனிப் பிழைக்கக்கூடாது என்று முழு வள்ளக்காரனாய் இறங்கினேன். மரத்தில் மாதிரி கடைந்து, மெழுகு பூசி, அச்சு எடுத்து, பைபர் பாயும் ரெசினும் போட்டு இரண்டு பாதியாக வார்த்து ஒட்டினேன். பாரம் குறைய வேண்டும் என்று உள்ளே வெறும் காற்று. ஒரு துளி தண்ணீர் புகாதபடி பூட்டினேன். அடிப்பக்கத்தை முகம் தெரியுமளவுக்கு மினுக்கினேன். வெள்ளை நிறம், ஓரத்தில் ஒரு நீலக் கோடுகூடப் போட்டேன். வடிவாய்த்தான் இருந்தது, மச்சாள்.

காய்ந்த மணலில் நீர் விறுவிறுவென்று நடந்தீர். நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்னால் வந்தேன், கோழி பிடிக்கிறவன் மாதிரி. ஈரமணலில் கோலை ஊன்றியதும் அதன் அடி பொக்கென்று ஒட்டிக்கொண்டது. இழுத்துப் பிடுங்கி இன்னும் இரண்டு எட்டு வைத்தீர். அப்போதுதான் அலை வந்தது. அடுத்த எட்டுக்கு நீர் தூக்கிய கோல்கள் மறுபடி கீழே இறங்கவில்லை. மிதந்தன. ஒன்று வடக்கே போனது, ஒன்று தெற்கே போனது, நடுவில் நீர் தண்ணீரில் இருந்தீர்.

வலைக்காரர் ஓடிவந்து தூக்கினார்கள். நீரோ மூக்கால் வாயால் தண்ணீர் வடிய வடியச் சிரித்தீர். "அத்தான், நீங்கள் சப்பாத்துச் செய்யேல்லை. ரெண்டு வள்ளம் செய்திருக்கிறீங்கள்."

ஒரு தச்சனோ கொல்லனோ இந்தப் பிழையை விட்டிருக்கமாட்டான். தண்ணீரை உள்ளே விடாமல் பார்ப்பதே பிழைப்பாய் இருந்த கைக்குத்தான் அது வரும். உமக்குச் சிரிப்பு, எனக்கு மானம் போயிற்று. அதைவிடப் பயம். ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தால் பக்கத்தில் நின்ற வலைக்காரரின் வள்ளத்தின் விளிம்பில் தலை அடித்திருக்கும். அக்கா அன்றிரவு என்னோடு கதைக்கவில்லை. இனி இந்த வேலை எனக்கு ஏலாது என்று சொல்லியனுப்பிவிட்டு, இரண்டு கிழமை உமது வீட்டுப் பக்கமே வரவில்லை.

நீர்தான் வந்தீர். பட்டறை வாசலில் ஓட்டோ நின்றது. மடியில் கொப்பி, ஒரு பை. "நாலாம் இலக்கத்துக்கு நீங்கள் இன்னும் ஒப்பம் வைக்கேல்லை" என்றீர். வைத்த பிறகு பைக்குள்ளிருந்து ஒரு பீரிசையும் இடியப்ப உரலின் ஓட்டைத் தட்டையும் எடுத்தீர். பேசினில் ஈரமண் போடச் சொன்னீர். பீரிசை அழுத்தித் தூக்கினீர். மண்ணோடு ஒட்டி வரமாட்டேன் என்றது. தட்டை அழுத்தித் தூக்கினீர், சும்மா வந்தது.

"ஓட்டை போடுங்கோ" என்றீர்.

துளைக்கிற மெசினைக் கையில் எடுத்தேன். சொன்னால் நம்பமாட்டார்கள், கை போகவில்லை. நான் செய்த பொருளின் அடியில் நானே ஓட்டை போடுவதா?

"தண்ணி வந்தால் வரட்டும், அத்தான். வந்த வழியால போகும்."

அன்றைக்குப் போட்ட ஓட்டைதான் எல்லாவற்றையும் திருத்தியது. உள்ளே காற்று வைக்கிற யோசனையை விட்டேன். ஐந்தாம் இலக்கத்தில் ஆறு ஓட்டை. ஆறாம் இலக்கத்தில் எட்டு. கோல் சரிந்தாலும் வட்டம் மண்ணில் படிந்து நிற்க, நடுவில் ஒரு துண்டு றபர்க் குழாய். ஏழாம் இலக்கத்தில் பன்னிரண்டு. கடற்கரையில் அதைக் கோல்களில் பூட்டிக்கொண்டு எழும்பினீர். நானும் வழக்கம்போலக் கையை விரித்தேன்.

"பின்னால வராதேங்கோ. வீதியில நில்லுங்கோ."

"விழுந்தால்?"

"விழுந்தால் எழும்புவன். நில்லுங்கோ."

இரண்டு எட்டு வந்துவிட்டேன். நீர் திரும்பிப் பார்த்த பார்வையில் மறுபடி வீதிக்கு ஏறினேன். நாற்பது எட்டு. உமது முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். கிட்டப் போனீர், அலை காலை நனைத்தது, கோல்கள் நின்ற இடத்திலேயே நின்றன. வலை கரைக்கு வந்து, மீன் கொட்டி, நீர் பேரம் பேசி முடிக்கும்வரை நின்றீர். திரும்பி வரும்போது கோலின் கைப்பிடியில் ஒரு மீன் பை ஆடிக்கொண்டு வந்தது. "பாரை. அக்காட்டைக் குடுங்கோ" என்றீர். உமது கண் சிவந்திருந்தது; எனக்கும்தான்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கிளினிக்கில், ஈச்சிலம்பற்றிலிருந்து வந்த மனுசி ஒருத்தி உமது கோலைப் பிடித்துப் பார்த்திருக்கிறாள். கடற்கரையில் கருவாடு போடுகிறவள். அவளுக்கும் ஒரு பாதம் போய், கருவாடு காயவிடும் பந்தல் மணலுக்கு நடுவில் கிடக்க, அவள் வீட்டு வாசலில் இருந்தாள். பிறகு இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். எனக்கு ஒரு சோடி செய்ய மூன்று நாள் பிடித்தது. அதுவும் சில மாதத்தில் வெடித்தது. "இது பட்டறையில கையால செய்யிற சாமான் இல்லை, அச்சில வார்க்கிற சாமான்" என்று நீர்தான் முடிவெடுத்தீர். றபர்த் தொழிற்சாலையில் வரைபடம் வேண்டும் என்றார்கள். நான் வள்ளத்துக்கே வரைபடம் கீறாதவன். நீர் சதுரக் கொப்பியில் மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, வெட்டிப் பார்த்தால் ஒன்று என்று மூன்று படம் கீறினீர். ஒவ்வொரு ஓட்டைக்கும் அளவு எழுதினீர்.

முதல் மாதிரி வந்தபோது நீர் ஆஸ்பத்திரியில். சிறுநீரகமும் கைவிட்டிருந்தது. பிரித்துப் பார்த்தேன், ஓட்டை இல்லை, ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்னக் குழி. தொழிற்சாலைக்காரரைக் கூப்பிட்டேன். ஓட்டை வைத்தால் வார்த்து எடுக்கும்போது றபர் கிழிகிறது, அச்சைப் புதிதாக வெட்டவேண்டும், இரண்டு மாதம் போகும் என்றார். இப்படியே சரி என்றால் பத்து நாளில் பெட்டி வந்துவிடும்.

அக்காவிடமும் என்னிடமும் டாக்டர் முதல் நாள்தான் சொல்லியிருந்தார், இரண்டு மாதத்தை எதிர்பார்க்க வேண்டாம் என்று.

அந்த மாதிரியை எடுத்துக்கொண்டு உமது கட்டிலடிக்கு வரும்போது பொய் சொல்லத்தான் வந்தேன், மச்சாள். ஓட்டை தேவையில்லையாம், பெரிய ஆட்களே சொல்லிவிட்டார்கள் என்று சொல்ல நினைத்திருந்தேன். பெட்டி வந்து நீர் ஒரு தரம் கையில் வைத்துப் பார்த்தால் போதும் என்றிருந்தது எனக்கு. நீர் கண்ணாடியைப் போட்டு, பெருவிரலால் அடியைத் தடவினீர்.

"ஓட்டை எங்கை?"

"வைக்கலாம். நாள் எடுக்கும். இப்பிடியே எண்டால் பத்து நாளில வரும்."

"என்ன அவசரம்?"

நான் நிலத்தைப் பார்த்தேன். உமக்கு விளங்கிவிட்டது.

"நான் பாக்கிறதுக்கோ செய்யிறம், அத்தான்?" குரல் மெலிந்திருந்தது, கோபமில்லை. "ஈரமண்ணில அந்த மனுசி ஒட்டிக்கொண்டு நிண்டால் ஆர் போய் இழுக்கிறது? கொப்பியைத் தாங்கோ."

'இலக்கம் 8. ஓட்டை இல்லை. திருப்பி அனுப்பவும்.' எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கி இறங்கிப் போயிருந்தது. கொப்பியை என் பக்கம் தள்ளினீர். முதல் முறையாக ஒரு வார்த்தை வாதாடாமல் ஒப்பம் வைத்தேன். வெளியே போய்த் தண்ணீர்க் குழாயடியில் நின்று அழுதேன். முகம் கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்தேன். ஆனாலும் உமக்குத் தெரிந்திருக்கும்.

ஐந்தாம் கிழமை நீர் போய்விட்டீர். அச்சு அப்போது பாதிதான் வெட்டியிருந்தது.

பெட்டி வந்த செய்தியை முந்தாநாளே அந்த மனுசிக்குச் சொன்னேன். நேற்று விடிய முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். அதே வீதியோரக் கட்டின்மேல் இருத்தி, அவளது கோல்களுக்கு நான்தான் பூட்டிவிட்டேன். கடலைப் பார்த்தாள், மணலைப் பார்த்தாள், பிறகு கேளாமல் எழும்பி நடந்தாள். தண்ணீர்க்கரை வரை போய், அங்கே நின்று, திரும்பி வந்தாள். அவள் வந்த வழியெல்லாம் வட்டம் வட்டமாய்த் தடம், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு மண் குமிழ்.

"எப்பிடி?" என்று கேட்டேன்.

"நல்லாயிருக்கு ஐயா. நாளைக்கே பந்தலுக்குப் போவன்." கோலைத் திருப்பி அடியைக் காட்டினாள். "ஒண்டு சொன்னால் கோவிப்பீங்களோ? சிப்பித்துண்டு ஓட்டைக்குள்ள இறுகுது. குத்தி எடுக்கக் கஷ்டம்."

பார்த்தேன், உண்மைதான். மேலே கொஞ்சம் ஒடுங்கி, அடியில் அகன்ற ஓட்டையாய் இருந்தால் சிப்பி தானே விழும். வீட்டுக்கு வந்து உமது கொப்பியை எடுத்தேன். 'இலக்கம் 9. ஓட்டைக்குள் சிப்பி இறுகுகிறது.' என் எழுத்து உம்முடையதைப் போல வடிவில்லை. நேரே ஒப்பம் வைத்தேன். அதற்குக் கீழே பத்து என்று இலக்கமும் போட்டிருக்கிறேன்.

ஒன்றைக் கொப்பியில் எழுத இடமில்லை. நீர் அதற்கு நிரல் கீறவில்லை. அதனால் இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன். அந்த மனுசி மணலில் இறங்கியபோது என் கை இரண்டும் தன்பாட்டில் விரிந்தன. பிடித்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஈரமணலில் அவள் ஒரு தரம் தள்ளாடினாள். ஆனாலும் பின்னால் போகேல்லை, மச்சாள். வீதியிலேயே நிண்டனான்.