கழிவு மேடும் உன் ஐந்து போத்தல்களும்

என் அன்பு மச்சான் நவ்ஷாத்துக்கு,

நீ அடங்கியிருக்கும் கபுறுக்கு என் சலாம். முதலில் சிரித்துவிடு, மற்றதைப் பிறகு சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமை நம் மணல் ஆலையைப் பார்க்கக் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வாழ்நாள் முழுக்கச் சாரனோடு திரிந்த நான், உன் தங்கச்சியின் சொல் கேட்டுப் புதுக் கால்சட்டை போட்டுப் போனேன். சிரட்டையில் மணல் கழுவிக் காட்டக் குனிந்ததுதான் தாமதம், இடுப்புப் பித்தான் தெறித்து நேரே சிரட்டைக்குள் விழுந்தது. தண்ணீர் வெள்ளை மணலைக் கொண்டுபோய்விட்டது. என் பித்தளைப் பித்தான் மட்டும் கறுப்பு மணலோடு அடியில் தங்கியது.

"பாருங்க மிஸ், கனமான சாமான் ஒண்டும் தப்பாது" என்றேன், ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு.

எல்லாரும் சிரித்தார்கள். ஆய்வுக்கு வந்திருந்த அந்த மிஸ் சிங்களப் பிள்ளை, நன்றாகத் தமிழ் கதைப்பார். சிரித்து முடித்துவிட்டு, "பாரூக் நானா, இத உங்களுக்கு யாரு பழக்கினது?" என்று கேட்டார்.

"யாருமில்ல மிஸ். கடக்கர ஆக்களுக்கு இதெல்லாம் தானா வரும்."

அப்படித்தான் சொன்னேன் மச்சான். பழக்கியவன் நீ. உன் பெயரை நான் சொல்லவில்லை.

இங்கத்தைய புதினம் கேள். நம் மணல் ஆலைக்குப் பின்னால் கிடந்த கழிவு மேடு இப்போது பாதிதான் இருக்கிறது. கறுப்பு மணலை எடுத்தபின் பழைய முதலாளிமார் வேண்டாமென்று கொட்டியதை, புதிதாக வந்தவர்கள் திரும்பக் கழுவுகிறார்கள். டைட்டேனியம் தரும் மணலும் சிர்கோனும் அதற்குள் மிச்சம் இருந்ததாம். காந்தத்துக்குப் பிடிபடாமல், சீனி மாதிரி மினுங்கிக்கொண்டு, ஆனால் கனமாக இருக்கும் என்று சிரட்டையின் அடியில் நீ காட்டுவாயே, அதுதான் சிர்கோன். அந்தப் பெயர் என் நாக்கில் வர மூன்று நாள் சென்றது.

எல்லாம் எடுத்த பிறகு மிஞ்சுகிற வெறும் மணலையும் வீசுவதில்லை. ஒரு பங்கு தோண்டிய குழிகளுக்கே திரும்பிப் போகிறது. மேலே அடம்பன் கொடி நட்டிருக்கிறார்கள். மற்றப் பங்கை ஆய்வுகூடத்தில் சோதித்துவிட்டு, சீமெந்து கலந்து கல் அரிகிறோம். அந்தக் கல்லில்தான் நீ படுத்திருக்கும் மையவாடியின் மதில் எழும்புகிறது. இந்த வேலைக்கெல்லாம் மேற்பார்வையாளர் யார் தெரியுமா? எட்டாம் வகுப்பை இரண்டு தரம் படித்த நான்தான். சிரட்டையில் கழுவிப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் என்று எடுத்தார்கள். நீ இல்லாதபடியால் ஒரே ஆள்.

அந்தக் கழிவு மேட்டை நீ கிளறித் திரிந்த காலத்தில், தேத்தண்ணிக் கடையில் உனக்குப் பட்டம் வைத்ததும் நான்தானே. "என்ன குப்ப மொதலாளி, இண்டைக்கி எத்தின மூட தங்கம்?" என்பேன்.

"சிரி, சிரி. நான் காருல போறப்ப உன்ன ஏத்த மாட்டன்" என்பாய்.

மேட்டின் நான்கு பக்கத்து மணலையும் உச்சி மணலையும் ஐந்து ஜாம் போத்தல்களில் தனித்தனியாக நிரப்பி, மூடிகளில் நீலப் பெயின்றால் இலக்கம் எழுதித் தந்தாய். "ஆலக் கேற்றுல காவல் நிக்கிறவன் நீ. உனக்குத்தான் மனேஜர் சேரோட கதைக்க ஏலும். மேட்டுல இன்னும் சாமான் கெடக்கு எண்டு சொல்லிக் குடுத்துரு மச்சான்" என்றாய். சேரின் கந்தோர் வாசல் வரை கொண்டுதான் போனேன். உள்ளே கிளாக்கர்மார் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். "பையில என்ன பாரூக்?" என்று ஒருவர் கேட்டார். மணல் ஆலைக்கே மணல் கொண்டுவந்த பைத்தியக்காரன் என்று சிரிப்பார்களே என்ற வெட்கம். "ஊறுகாய்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஐந்தையும் கிணற்றடியில் கொட்டினேன். எந்தப் பக்கத்து மணல் எது என்று நீ மாதக்கணக்கில் பிரித்து வைத்தது ஒரு நிமிடத்தில் ஒன்றாகியது. காலிப் போத்தல்களைக் கண்ட உன் தங்கச்சி கழுவிக் காயவைத்து, தேசிக்காய் ஊறுகாய் போட்டாள். என் பொய் அப்படியே உண்மையானது.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து செருப்புத் தேடும்போது கேட்பாய். "குடுத்தியா?"

"ஓம் மச்சான். பார்க்கிறாராம்."

அடுத்த கிழமை, சேர் லீவு. அதற்கடுத்த கிழமை, சேருக்குச் சுகமில்லை. நல்லாயிருந்த மனிசனுக்கு நான் எத்தனை நோய் கொடுத்தேன்!

பிறகு, ஹஜ்ஜுப் பெருநாளைக்கு எங்கள் வீட்டில் சாப்பிட வந்தாய். ஊறுகாய்ப் போத்தலை உன் பக்கம் தள்ளினாள் உன் தங்கச்சி. மூடியில் நீல நிற மூன்று. நீ அதைக் கழற்றி, ஒரு தரம் பார்த்து, கவிழ்த்து வைத்தாய். "ஊறுகாய் நல்லாரிக்கி தங்கச்சி" என்று இன்னொரு துண்டு எடுத்தாய்.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமையும் நீ கேட்கவில்லை. மறந்துவிட்டாய் என்று நிம்மதியாக இருந்தேனே, என்னைப்போல மடையன் உண்டா? உன் தங்கச்சிக்கு முன்னால் என் முகத்தைக் காப்பாற்றினாயா? அல்லது இவனிடம் கேட்டு என்ன என்று விட்டுவிட்டாயா?

முந்தாநாள் உன் மகள் ரிஸ்னா வந்தாள். "மாமா, வாப்பா உங்கள்ட ஏதோ போத்தல் குடுத்தாராமே. இந்த மேட்டப் பத்தி அந்த மிஸ் அறிக்க எழுதுறாங்க. போத்தலக் காட்டினா வாப்பாட பேரையும் போடுவாங்க தானே?"

"தேடிப் பாப்பம் மகள்" என்றேன். எதைத் தேடுவது? கிணற்றடியில் நாங்கள் தினமும் மிதிப்பதையா?

மணல் போனது போனதுதான். மூன்றாம் இலக்க மூடி மட்டும் இன்னும் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை மதில் வேலை முடிகிறது, மிஸ்ஸும் பார்க்க வருகிறார். ரிஸ்னாவையும் அவரையும் ஒன்றாக நிறுத்தி, மூடியை உன் மகளின் கையில் கொடுத்து, சிரட்டை யாருடையது, ஊறுகாய் யாருடையது என்று முழுக்கச் சொல்வேன். இடுப்பில் பித்தான் நின்றாலும் சரி, தெறித்தாலும் சரி.

உன் ஜனாஸாவை அடக்கிய அன்று குடும்பத்துக்காகப் பள்ளி முற்றத்தில் எழும்பி நின்றவன் நான். "எங்கட மச்சான் யாருட மனசயாவது நோவடிச்சிருந்தா அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க" என்று வழமைப்படி கேட்டேன். மன்னித்தோம் என்றார்கள். உன் மனதை நோகடித்தவனுக்காக உன்னிடம் கேட்க யாரும் எழும்பவில்லை. மைக் என் கையில்தான் இருந்தது. அதில் நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான்:

நான் குடுக்கல்ல மச்சான். என்ன மன்னிச்சிரு.

உன் தங்கச்சியின் மாப்பிள்ளை, ரிஸ்னாவின் மாமா,
பாரூக்